கராஜ் கழுவுதண்ணி: வீதிக் கானைக் காப்பாற்ற எண்ணெய்ப் பொறி போதுமா?

கானோரம்: கொழும்பில் வீதிக் கானுக்குள் இறங்கும் தண்ணீருக்குச் சுத்திகரிப்பே கிடையாது. வெள்ளவத்தையில் கானுக்குள் விட்டது கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகும். கராஜ்களில் கேட்டால் எண்ணெய்ப் பொறி, அதாவது கழுவுதண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் அறைத்தொட்டி, இருக்கிறது என்பார்கள். பொறி போதாது. தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதை நிறுத்த வேண்டும்.

மூன்றறை: ஏன் போதாது? முதல் அறையில மணல் படியும், அடுத்ததில ஒயில் மிதக்கும். வெளியேறுற பைப்புக்கு எல்போ (வளைஞ்ச பைப் துண்டு) போட்டு வாயைத் தண்ணிக்குள்ள இறக்கினா அடித்தண்ணி மட்டும்தான் போகும். வழக்கமா பிழை வாறது ரெண்டு இடத்தில. கூரைப் பீலியைப் பொறிக்குள்ள விடுவினம்; ஒரு பெருமழையில மிதந்தது எல்லாம் அள்ளுப்பட்டுப் போயிடும். மற்றது, மிதக்கிற ஒயிலை அள்ளுறதே இல்லை.

கானோரம்: பீலி விஷயம் முழுக்கச் சரி. ஆனால் தரையில் சவர்க்காரத்தூளும் டீகிரீசரும் (கிரீஸ் அகற்றும் திரவம்) போட்டல்லவா தேய்க்கிறார்கள்? சவர்க்காரம் ஒயிலை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். தண்ணீர் பால்போல வெளுக்கும். அந்தத் துளிகள் மேலெழ நேரமில்லாமல் உங்கள் எல்போவுக்குள்ளாலேயே வெளியேறும். பிரஷர் கன்னும் அதே கேடுதான்.
ஒயில் சிந்திய கையோடு மரத்தூளோ காய்ந்த மணலோ கொட்டி, ஊறியதும் தும்புத்தடியால் கூட்டி அள்ளி, மூடியுள்ள பரலில் போடுங்கள். மிஞ்சும் கறையை ஈரச் சாக்கால் துடைத்தால் போதும். பழைய ஒயில் பில்டரை எஞ்சின் சூடு ஆறுமுன் கழற்றி, துளையிட்டு, 12 மணித்தியாலமாவது கவிழ்த்து வடியவிட வேண்டும். வடிந்த ஒயிலில் தண்ணீரோ பெற்றோலோ கலந்தால் அதை மீளப் பயன்படுத்துவது கஷ்டம்.

மூன்றறை: சவர்க்காரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறன். ஆனா கொழும்பில எத்தனையோ கராஜ் திறந்த முற்றம். மே மாத மழை இரவில கொட்டினா, கூட்டாம விட்ட ஒயில் நேரே கானுக்குத்தான். அங்க பொறி இல்லாம ஏலாது.

சீமெந்துவாளி: ரெண்டு பேரும் கராஜிலேயே நிக்கிறீங்கள். வீட்டில மேசன் வேலை முடிய மண்வெட்டியும் தாச்சியும் எங்க கழுவுப்படுது? வாசல் கானில. சீமெந்துத் தண்ணி சுண்ணாம்பு மாதிரிக் கடும் காரம்; அதின்ர பிஎச் 12க்கு மேலயும் போகும். மீனின்ர செவுளை எரிக்கும். சீமெந்து கானுக்குள்ள இறுகினா அடுத்த மழைக்குத் தண்ணி வீதியில நிக்கும். ஒரு பரலில கழுவி, ஒரு இரவு தெளியவிட்டு, மேல்தண்ணியை அடுத்த நாள் கலவைக்கே ஊத்துங்கோ. அடிச்சேறு காய்ஞ்சதும் கட்டடக் கழிவோட போகட்டும். கார் கழுவுறதெண்டாலும் புல்லுத்தரையில விட்டுக் கழுவுங்கோ.

கானோரம்: தண்ணிப் பெயின்ட் பிரஷையும் வாளியில் கழுவி மலசலகூடத்தில் ஊற்றலாம், கானில் வேண்டாம்.
மூன்றறை, திறந்த முற்றத்துக்குப் பொறி வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒயில் மாற்றும் இடத்துக்காவது தகரக் கூரை போட்டு, மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி சுற்றிவரச் சீமெந்து வரம்பு கட்ட வேண்டும்.

மூன்றறை: வரம்புக்குச் சம்மதம். வாசல் பக்கம் அதைச் சரிவாக் கட்டோணும், இல்லாட்டி வாகனம் ஏற ஏற உடைஞ்சிடும்.