கேதார்காந்தா: பனிக்காலத்தில் குழுவாகச் செல்வது குறித்து

கேள்வி: வரும் ஜனவரியில் நாங்கள் எட்டுப் பேர் உத்தராகண்டின் சாங்க்ரி கிராமத்திலிருந்து, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா உச்சிக்கு நடக்கவிருக்கிறோம். பனியில் நடந்து பழக்கமில்லாத எங்களுக்கு எது கடினமாக இருக்கும்?

மறுமொழி: ஏற்றத்தைவிட இறக்கம்தான். விடியலில் இறுகிக் கிடக்கும் பனி வெயிலேறியதும் இளகி, கால் முழங்கால்வரை புதையும் என்பதால்தான் வழிகாட்டிகள் பின்னிரவிலேயே எழுப்பிவிடுகிறார்கள். காலணியின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கை மறவாதீர்கள்.

மறுமொழி: தண்ணீர் மேலிருந்தே உறையத் தொடங்கும், ஆகவே இரவில் புட்டியைத் தலைகீழாக வைத்தால் வாய்ப்பகுதி அடைபடாது. கைப்பேசியை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விட்டதால் குளிரில் பேட்டரி தீர்ந்து, உச்சியில் எனக்கு ஒரு படம்கூட வாய்க்கவில்லை.

மறுமொழி: தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், அது உயரத்தால் வரும் மலைநோயாக இருக்கலாம்; உடனே சொல்லிவிடுங்கள். குழுவுக்குத் தடையாகிவிடக் கூடாதென்று எங்களில் ஒருவர் மறைத்ததால், நள்ளிரவில் அவரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்க நேர்ந்தது.