மறு: ஃப்ளெக்சிபிலிட்டி – தமிழில் எப்படிச் சொல்லலாம்? (தன்வீச்சு, பிறவீச்சு: ஒரு முன்மொழிவு)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். நான்கு நாளாக இந்த இழை ஓடுகிறது. எல்லா மடல்களையும் அச்செடுத்து, கோடிட்டுப் படித்துவிட்டு எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஆர்னிஸ் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆர்னிஸ் பிலிப்பைன்ஸ் நாட்டின் கம்பும் கத்தியும் சார்ந்த சண்டைக்கலை. எஸ்கிரிமா, காலி என்றும் சொல்வார்கள். 2009 டிசம்பரில் குடியரசுச் சட்டம் 9850 அதை அந்நாட்டின் தேசியத் தற்காப்புக் கலை, தேசிய விளையாட்டு என்று அறிவித்தது. வேலை நிமித்தமாக அந்நாட்டின் செபு நகரில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். உடலைத் தயார்செய்வது பற்றிய இரண்டாம் அத்தியாயத்திலேயே ‘ஃப்ளெக்சிபிலிட்டி’ என்ற சொல்லில் கை நின்றுவிட்டது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

> நெகிழ்வுத்தன்மை என்று ஏற்கெனவே புழங்குகிறதே. எதற்கு இன்னொரு சொல்?

நியாயமான கேள்வி. முதல் வரைவில் நானும் நெகிழ்வுத்தன்மை என்றுதான் எழுதினேன். எழுதியதை வாசித்தபோது ஒரு இடத்தில் பொய் சொல்வதாகத் தோன்றியது. அதைச் சொல்ல முதல் நாள் வகுப்புக்குப் போக வேண்டும்.

நான் பல ஆண்டுகள் யோகா செய்தவன். இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினால் முன்கையைத் தொட்டுவிடும். ஆசிரியரிடம் அதைச் செய்து காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, 28 அங்குலப் பிரம்பைக் கையில் கொடுத்து அபனிக்கோ செய்யச் சொன்னார். அபனிக்கோ என்றால் ஸ்பானிய மொழியில் விசிறி. முழங்கையைப் பெரிதாக அசைக்காமல், முன்கையைத் திருப்பித் திருப்பி, கம்பின் நுனியால் எதிராளியின் தலைக்கு இருபுறமும் மாறி மாறித் தட்டும் அடி. எனக்கு முன்கை பாதியில் நின்றது. மீதியை ஈடுகட்டத் தோள் தூக்கிக்கொண்டு வந்தது. ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார், முழுதாகத் திரும்பியது. கையை விட்டார், மறுபடி பாதியில் நின்றது. மூன்று முறை அப்படிச் செய்து காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என் மூட்டு வளைந்து கொடுத்தது உண்மை. அதை நானாக வளைக்க முடியாததும் உண்மை. இந்த இரண்டையும் நெகிழ்வுத்தன்மை என்ற ஒரே பைக்குள் போட்டால், கையேட்டைப் படிக்கும் மாணவர் என்னைப் போலவே தவறான பயிற்சியைச் செய்வார். நான் செய்தேன். இரண்டு மாதம் காலையும் மாலையும் மணிக்கட்டை இழுத்து இழுத்து வளைத்தேன். சுண்டுவிரல் பக்கம் வலி வந்து ஆறு வாரம் கம்பையே தொட முடியாமல் போனது. ஆகவே எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை.

நெகிழ் என்ற வேர் மேலேயே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பழம்பாடல்களில் தொடி நெகிழும், தோள் நெகிழும்; பிரிவால் மெலிந்தவளின் நிலை அது. கட்டு தளர்வதுதான் நெகிழ்வு. உள்ளம் நெகிழ்வதும் அந்த வழியில் வந்த பொருள்தான். கம்பு பிடிப்பவரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கட்டுத் தளரவே கூடாது.

> குழைவு என்று வைக்கலாமே. குரலில் குழைவு, நடையில் குழைவு என்கிறோம்.

ஐயா, இந்தச் சொல்லை நீங்கள் எழுதியதும் மனம் அதிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் அது ஒரு தன்மையைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. இத்தனை பாகை திரும்பியது, போன மாதம் இத்தனை என்று குறித்துவைக்கக் குழைவு ஒத்துழைக்காது. தேர்ந்த ஒருவரின் அபனிக்கோவை வருணிக்கும் இடத்தில் ‘மணிக்கட்டின் குழைவு’ என்றே எழுதப் போகிறேன். கலைச்சொல்லாக ஆக்காமல், அதன் பாட்டில் விட்டுவைப்பதுதான் அதற்கு மரியாதை என்று நினைக்கிறேன்.

இனி என் முன்மொழிவு. இதற்கான வேறுபாடு நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. கை வளைந்தது, கையை வளைத்தான். திருந்தினான், திருத்தினான். தன்வினை, பிறவினை. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்தது. அந்த அச்சிலேயே:

தன்வீச்சு: பிறர் கையோ சுவரோ எடையோ துணைக்கு வராமல், தன் தசையால் மட்டுமே ஒரு மூட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடிகிறதோ அது.

பிறவீச்சு: வெளியிலிருந்து ஒரு விசை வந்து அதே மூட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறதோ அது.

பொதுச்சொல் மூட்டுவீச்சு. அலையின் வீச்சு என்று இயற்பியலில் படிக்கிறோமே, அதே வீச்சு. பிறவீச்சு பொதுவாகத் தன்வீச்சைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். என் கட்டைவிரலில் இருந்ததுபோல மிக அதிகமாக இருந்தால், அந்த மிச்சத் தூரத்தில் மூட்டைக் காக்கத் தசை தயாராக இல்லை என்று பொருள்.

> கம்புச் சண்டைக் கையேட்டில் வீச்சு என்றால் வாசகர் அடி என்றுதான் நினைப்பார். அரிவாள் வீச்சு என்று சொல்வதில்லையா?

தம்பி, நீ சிலம்பம் ஆடுகிறவன் என்பதால் உன் கண்ணில் இது முதலில் பட்டிருக்கிறது. இந்த இழையிலேயே வலுவான மறுப்பு இதுதான். இரண்டு இரவு இதையே யோசித்தேன். கையேட்டில் கம்பால் செய்வதை எல்லாம் ‘அடி’ என்றே எழுதுவேன். ஆர்னிஸில் அடிகளுக்கு எண் இருக்கிறது, ஒன்றாம் அடி, இரண்டாம் அடி என்று பன்னிரண்டு வரை எண்ணுகிற முறைகள் பரவலானவை. வீச்சு மூட்டுக்கு மட்டும். தனியாக ‘வீச்சு’ என்று எங்கும் வராது. தன், பிற, மூட்டு என்ற முன்னொட்டோடுதான் வரும். இதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

> வேறு பல சண்டைக்கலைகளில் பயிற்சி காலை அகல விரிப்பதில்தான் தொடங்குகிறது. இதில் மட்டும் ஏன் மணிக்கட்டு?

பிலிப்பைன்ஸிலேயே காலால் ஆடும் கலை உண்டு. ரிசால் மாகாணத்தின் பாராஸ் ஊரைச் சேர்ந்த சிகாரான் முழுக்க உதை சார்ந்தது. அதற்கு இடுப்பு விரிய வேண்டும். ஆர்னிஸ் வேறு வழியில் கட்டப்பட்டது. பெரும்பாலான பள்ளிகளில் கையில் முதலில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுவார்கள், வெறுங்கைச் சண்டை பிறகு வரும். கால் தரையில் முக்கோணம் போட்டு நகரும். எதிராளியின் கையில் இருப்பது வெட்டுக்கத்தி என்ற நினைப்பில் வளர்ந்த கலை என்பதால், முதல் குறி பெரும்பாலும் ஆயுதம் பிடித்த கைதான். காலை உயரத் தூக்குகிறவர் அந்தக் காலையும் கத்திக்குக் கொடுக்கிறார். அதனால் முழுச் சுமையும் மணிக்கட்டிலும் முன்கையிலும் தோளிலும் வந்து சேர்கிறது. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சுமார் 30 பாகை, கட்டைவிரல் பக்கம் 20 பாகைதான் சாயும். இவ்வளவு குறுகிய இடத்துக்குள் வேகமாக ஓடும் கம்பை நிறுத்தித் திருப்ப வேண்டும். அங்கே பிறவீச்சு உதவிக்கு வராது. சண்டையில் நம் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட யாரும் இல்லை.

சினாவலி பயிற்சியில் இது இன்னும் நன்றாகப் புரியும். இரு கையிலும் கம்பு, இருவர் எதிரெதிரே நின்று ஒரே வரிசையில் தட்டிக்கொண்டே போவது. பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்கும் முடைந்து வீட்டுச் சுவருக்கு வைக்கும் தட்டிக்கு அங்கே சவாலி என்று பெயர். கம்புகள் முடைவதுபோல் போய்வருவதால் சினாவலி. ஒரு கை அடித்து முடியும்போது மற்றது எதிர்த் தோளுக்கு மேலோ அக்குளுக்குக் கீழோ போய்க் காத்திருக்க வேண்டும். வேகம் கூடக் கூட யாருக்குத் தன்வீச்சு குறைவோ அவருடைய கம்பு நேரத்துக்குப் போய்ச் சேராது. தாளம் கலைவதைக் காதாலேயே கேட்கலாம்.

இப்போது நம் குழுமத்து அம்மா ஒருவர் எழுதிய மடல். இயன்முறை மருத்துவராக இருபது ஆண்டு அனுபவத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

> நோயாளியிடம் நாங்கள் கலைச்சொல் பேசுவதில்லை. ‘நீங்களே தூக்குங்க’ என்போம். அடுத்து ‘நான் தூக்கறேன், கையை விட்டுக்கொடுங்க’ என்போம். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது: ‘நீங்க தூக்குங்க, நானும் கொஞ்சம் தாங்கிக்கறேன்.’ உங்கள் இரண்டு சொல்லில் இது எங்கே வருகிறது?

அம்மா, இதைப் படித்ததும் எழுந்து நடந்துவிட்டேன். முதல் இரண்டு வாக்கியமும் தன்வினை, பிறவினை இரண்டையும் அப்படியே பேச்சில் வைத்ததுபோல் இருக்கிறது. மூன்றாவதை நான் தவறவிட்டிருந்தேன். அதற்குத் துணைவீச்சு என்று வைக்கலாமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. செபு நகரில் 1952-இல் வெனான்சியோ ‘ஆன்சியோங்’ பேகன் தொடங்கிய பலிந்தவாக் என்ற மரபு உண்டு. பலிந்தவாக் ஒரு தெருவின் பெயர். அங்கே பயிற்சி நடந்ததால் அந்தப் பெயர். ஒற்றைக் கம்பு, மிக நெருங்கிய தூரம். அதில் கற்பிக்கும் முறைக்கு அகாக் என்று பெயர். செபுவானோ மொழியில் கைப்பிடித்து அழைத்துப் போவது என்ற பொருள். ஆசிரியர் அடிகளை ஊட்டிக்கொண்டே போவார், மாணவர் தடுத்துத் திருப்பி அடிப்பார். மாணவரால் எட்ட முடிகிற எல்லைக்குச் சற்று வெளியே அடுத்த அடி வரும். தடுமாறினால் ஆசிரியர் வேகத்தைக் குறைப்பார், அவருடைய வெறுங்கை வந்து மாணவரின் கையைச் சரியான இடத்தில் வைத்துவிடும். பிறகு அந்தக் கை மெல்ல விலகும். நீங்கள் நோயாளியின் கைக்குக் கீழே வைத்திருக்கும் கையும் இதுவும் ஒன்றுதானே? துணைவீச்சு நாளடைவில் தன்வீச்சாக மாறும் பாதை இது. என் மணிக்கட்டு குணமானதும் இப்படித்தான்; இழுப்பதை நிறுத்திவிட்டு, பாதி வேகத்தில், முழுத் தூரத்துக்கு, ஆசிரியரின் கை தொட்டும் விட்டும் நான்கு மாதம்.

சினாவலி, அபனிக்கோ, அகாக் எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். முடைவரிசை, விசிறியடி என்ற பரிந்துரைகள் அழகாகவே இருக்கின்றன. விளக்கத்தில் ஒருமுறை பயன்படுத்துவேன். தலைப்பில் மூலப் பெயர்தான். ஆர்னிஸ் என்பதே ஸ்பானியரின் ‘ஆர்னேஸ்’ என்ற கவசச் சொல்லிலிருந்தும், எஸ்கிரிமா அவர்களுடைய வாள்வீச்சுச் சொல்லான ‘esgrima’விலிருந்தும் வந்தவை. முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்டவர்களின் சொற்களுக்கு நடுவே சினாவலியும் அகாக்கும் அந்த மண்ணின் சொற்களாகத் தங்கியிருக்கின்றன. அவற்றின் மேல் நாமும் ஒரு பூச்சுப் பூச வேண்டாம். மூட்டும் தசையும் எல்லாருக்கும் பொது. அவற்றுக்குத் தமிழில் சொல் வேண்டும்.

இரண்டு உதவி கேட்கிறேன். தன்வீச்சுக்கும் பிறவீச்சுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு ஒரு சொல் வேண்டும். ‘வீச்செச்சம்’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. அடுத்து, தம்பி, முழங்கையை அசைக்காமல் முன்கையை மட்டும் திருப்பிக் கம்பு நுனியை ஓட்டும் முறைக்கு உன் ஆசான் ஏதாவது பெயர் சொல்வாரா என்று கேட்டு எழுது. அவரிடம் ஒரு சொல் இருந்தால், நான் புதிதாக எதுவும் ஆக்கத் தேவையில்லை, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கையேடு எழுதுபவன்

பி.கு.: அம்மா, ‘விட்டுக்கொடுங்க’ என்று நீங்கள் எழுதியதைக் கையேட்டில் பிறவீச்சை அளக்கும் பகுதியில் அப்படியே பயன்படுத்த அனுமதி தாருங்கள். ‘தசையைத் தளர்த்தவும்’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.