சங்காரா, கப்ரால் சொன்னதெல்லாம் இன்றைய ஆப்பிரிக்காவுக்குப் பொருந்துமா?

மணல்மேடு எழுதியது:

தோழர்களே, எங்கள் வாசிப்புக் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் பாதியில் நின்றுவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 2022 செப்டம்பரில் ஆட்சியைப் பிடித்த கேப்டன் இப்ராஹிம் ட்ராவோரே பிரெஞ்சுப் படையை வெளியே அனுப்பினார், தங்கச் சுரங்கங்கள் சிலவற்றை அரசுடைமை ஆக்கினார், இது 1980களில் அதே நாட்டை ஆண்ட தாமஸ் சங்காராவின் புரட்சி திரும்பி வந்தது போலத்தான் என்று பாதிப்பேர் சொன்னார்கள். ஒரு அண்ணன் மட்டும், மார்க்சியம் ஐரோப்பாவின் ஆலைத் தொழிலாளியை வைத்து எழுதினது, ஆலையே அதிகம் இல்லாத இடத்தில் அதை வைத்து என்ன செய்வது, ஆப்பிரிக்காவுக்கு அது ஒருநாளும் பொருந்தியதில்லை என்றார். எனக்கு அவர் சொன்னது தவறு என்று தோன்றியதே தவிர, ஏன் தவறு என்று சொல்ல வரவில்லை. இதைப் படித்தவர்கள் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்றும் சொன்னால் நல்லது.

தறிச்சத்தம் எழுதியது:

அந்த அண்ணனிடம் அமில்கார் கப்ராலைப் பற்றிச் சொல்லுங்கள். போர்ச்சுகலின் காலனியாக இருந்த கினி பிசாவின் விடுதலைப் போராட்டத் தலைவர் அவர். அவர் கேட்ட அதே கேள்வியை 1966இல் ஹவானாவில் நடந்த, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா சேர்ந்த முக்கண்ட மாநாட்டில் கப்ராலே கேட்டிருக்கிறார். வரலாறு வர்க்கப் போராட்டத்தால்தான் நகர்கிறது என்றால், வர்க்கங்கள் பிரியாத சமூகங்களுக்கு வரலாறே இல்லையா? கப்ரால் அதை ஏற்கவில்லை. நிலம், கருவி, உழைப்பு போன்ற உற்பத்திச் சக்திகள் எந்த நிலையில் இருக்கின்றன, எது யார் கையில் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். மார்க்சியத்தைத் தூக்கிப் போடவும் இல்லை, அப்படியே மனப்பாடமாக ஒப்பிக்கவும் இல்லை.

இது மேடையில் வந்த யோசனை இல்லை. அவர் லிஸ்பனில் வேளாண்மை படித்தவர். 1953இல் போர்ச்சுகீசிய அரசுக்காகவே கினி பிசாவில் விவசாயக் கணக்கெடுப்பு எடுத்தார், கிராமம் கிராமமாகப் போய் யார் என்ன பயிரிடுகிறார்கள், நிலம் யாரிடம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தார். ஃபுலா மக்களிடையே தலைவர்கள் உண்டு, அந்தத் தலைவர்களைக் காலனி அரசு தன் பக்கம் வைத்திருந்தது. நெல் விளைவிக்கும் பலாண்டா மக்களுக்கு அப்படி மேலே உட்கார்ந்திருக்கும் தலைவர் கிடையாது. பின்னால் ஆயுதப் போராட்டம் தொடங்கியபோது யார் சீக்கிரம் சேருவார்கள், யாரிடம் பொறுமையாகப் பேச வேண்டும் என்பதை அவர் இதிலிருந்துதான் புரிந்துகொண்டார். வேளாண் அதிகாரியாக அலைந்த அந்த நாட்கள் இல்லாவிட்டால் அவருடைய கோட்பாடே இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று. கப்ராலின் கட்சியினரும் முதலில் நகரத் தொழிலாளர்களை நம்பித்தான் இறங்கினார்கள். 1959 ஆகஸ்ட் 3 அன்று பிசாவ் துறைமுகத்தில், பிஜிகிட்டியில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களைக் காலனி போலீஸ் சுட்டது. ஐம்பது பேர் அளவில் செத்தார்கள். அதற்கப்புறம்தான் கிராமத்துக்குப் போனார்கள். 1963இல் போர் தொடங்கியது. விடுவிக்கப்பட்ட பகுதிகளில் பள்ளிக்கூடம் வைத்தார்கள், மக்கள் கடை வைத்து நெல்லுக்குத் துணி கொடுத்தார்கள். யாருடைய மூளையில் இருக்கும் கருத்துக்காகவும் மக்கள் போராட மாட்டார்கள், வாழ்க்கை மேம்படும் என்றால்தான் போராடுவார்கள் என்று அவர் கட்சிக்காரர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார்.

அவர் சொன்னதில் இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் தைப்பது குட்டி முதலாளி வர்க்கத்தைப் பற்றிய பகுதிதான். விடுதலைக்குப் பின் அரசு இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் படித்த அந்தச் சிறு கூட்டம் மட்டுமே. அவர்கள் ஒன்று தங்கள் வர்க்கத்தையே கொன்றுவிட்டு உழைப்பவர்களோடு ஒன்றாகக் கலக்க வேண்டும், இல்லையென்றால் புரட்சியைக் காட்டிக்கொடுப்பார்கள் என்றார். 1973 ஜனவரி 20 அன்று பக்கத்து நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில் அவரைக் கொன்றவர்கள் அவருடைய கட்சி ஆட்களே. அதே ஆண்டு செப்டம்பரில் நாடு விடுதலையை அறிவித்தது, அதைப் பார்க்க அவர் இல்லை. 1980இலேயே முதல் ராணுவப் புரட்சி வந்துவிட்டது.

பனங்காடு எழுதியது:

ட்ராவோரே பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. சங்காரா 1983 ஆகஸ்டில் வந்தவர், அவரும் ராணுவ கேப்டன்தான், சரி. ஆனால் அவர் நிலத்தை நாட்டுடைமை ஆக்கினார், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைவரியை நீக்கினார், கிராமத் தலைவர்களுக்கு விவசாயி செய்ய வேண்டியிருந்த வெட்டி வேலையை ஒழித்தார். அதாவது நாட்டுக்குள் மேல்சாதிபோல இருந்த அந்தத் தலைவர்களின் அதிகாரத்தின் மேலேயே கை வைத்தார். இன்றைய ஆட்சி பிரான்ஸை எதிர்க்கிறது. உள்ளே யாருடைய சொத்துறவை மாற்றியிருக்கிறது? நாணயம் இன்றும் பிரான்ஸின் பழைய காலனிகள் பல பயன்படுத்தும் சி.எஃப்.ஏ. பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள், 1945இல் பாரிஸ் உருவாக்கிய நாணயம் அது. அரசை விமர்சித்த பத்திரிகையாளர்களையும் நீதிபதிகளையும் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்புகிறார்கள். இதைச் சோசலிசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சங்காராவையும் நான் தெய்வமாக்கவில்லை. 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை வேலையை விட்டு நீக்கினார். தொழிற்சங்கங்களை விட்டு விலகினார், 1987 அக்டோபர் 15 அன்று சுடப்பட்டபோது தெருவில் இறங்க ஒழுங்கமைந்த ஒரு சக்தி அவருக்கு இருக்கவில்லை. அதை எத்தனை பேர் படிக்கிறோம்?

கடலோரம் எழுதியது:

பனங்காடு, நீங்கள் சொல்வதில் பாதிதான் ஏற்கிறேன். நாட்டின் பெரிய பகுதிகள் ஆயுதக் குழுக்களின் கையில் இருக்கும்போது, லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடிவந்திருக்கும்போது, நில உறவு மாறியதா என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் கடுமையாகப் படுகிறது. பிரெஞ்சு ராணுவம் 2013 முதல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹெல் பகுதியில் இருந்தும் நிலைமை மோசமானதுதான் மிச்சம். அதைக் கண்ணால் பார்த்த இளைஞர்கள் கொடியோடு தெருவுக்கு வந்ததை நாம் அலட்சியமாகப் பேசக்கூடாது. பத்திரிகையாளர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

நடுச்சாமம் எழுதியது:

ராணுவ கேப்டன்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். சூடானைப் பாருங்கள். அட்பரா என்று ஒரு ரயில்வே ஊர், அங்கேதான் ரயில்வேத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, கம்யூனிஸ்டுக் கட்சிக்கும் அங்கே வேர் இருந்தது. 1971இல் அந்தக் கட்சியின் செயலாளர் அப்தெல் காலிக் மஹ்ஜூபை ராணுவ ஆட்சியாளர் நிமெய்ரி தூக்கில் போட்டார். அப்புறம் இன்னொரு ராணுவ ஆட்சியாளர் பஷீர் வந்து சங்கங்களை உடைத்தார். 2018 டிசம்பர் 19 அன்று ரொட்டி விலை ஏறியதும் அதே அட்பராவில்தான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2019 ஏப்ரலில் பஷீர் விழுந்தார்.

நிமிர்ந்து நின்றது தெருத்தெருவாக உருவான எதிர்ப்புக் குழுக்கள். 2021 அக்டோபரில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, பேச்சுவார்த்தை இல்லை, கூட்டு இல்லை, அங்கீகாரம் இல்லை என்று நின்றார்கள். உட்கார்ந்து சாசனமும் எழுதினார்கள்: ஊர் மன்றத்தில் தொடங்கி மேலே போகும் அதிகாரம். எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதியது இல்லை, ஆனால் 1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் அமைத்த ஆட்சியான பாரிஸ் கம்யூன் பற்றிப் படித்தவர்களுக்கு அது தெரிந்த முகம். ஆனால் எதிரே நின்றது என்ன? சொந்தமாகக் கம்பெனிகள் நடத்தும் ராணுவம், மேற்கு சூடானின் டார்ஃபூர் தங்கத்தில் வளர்ந்த ஹெமெட்டியின் துணை ராணுவப் படை. அரசும் மூலதனமும் ஒரே கையில் துப்பாக்கியோடு இருந்தன. அதை எப்படி உடைப்பது என்பதற்குக் குழுக்களிடம் வழி இல்லை, நகரங்களில் அவர்களுக்கு இருந்த பிடி கிராமத்தில் இல்லை. 2023 ஏப்ரல் 15இல் அந்த இரண்டு படைகளும் மோதிக்கொண்டன. இப்போது அதே குழுக்களிலிருந்து வந்த இளைஞர்கள் அவசர அறைகள் என்ற பெயரில் பொதுச் சமையல் நடத்தி ஊருக்குச் சோறு போடுகிறார்கள். நகரத்தை மட்டும் நம்பாமல் கிராமத்தை எப்படிச் சேர்ப்பது என்று பிஜிகிட்டிக்குப் பின் கப்ரால் முன் நின்ற கேள்வி அப்படியே இங்கே நிற்கிறது.

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தறிச்சத்தம், ஹவானா உரையையே அடுத்த கூட்டத்துக்கு வைக்கிறோம், அந்த அண்ணனையே படித்து வரச் சொல்லியிருக்கிறேன். பனங்காடு, கடலோரம் இரண்டு பேர் சொன்னதையும் எடுத்துப் போகிறேன், இதில் நான் இன்னும் எந்தப் பக்கமும் இல்லை. சூடான் குழுக்களின் சாசனம் தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால், அரபி தெரிந்தவர் யாராவது கூட உட்கார்ந்தால் தமிழாக்கம் செய்ய நான் தயார்.