மாடிக் குளியலறைக்கு எந்த ஷவர் வால்வு? தொட்டித் தண்ணீர் வீடு, செத்தாப்பாக், கோலாலம்பூர்

செத்தாப்பாக் மகள்:
வணக்கம். அம்மாவின் இரட்டை மாடி வரிசை வீட்டில் மேல் குளியலறையை உடைத்துக் கட்டுகிறோம். இப்போது இருப்பது சுவரில் மாட்டிய சின்ன ஹீட்டர், பம்ப் உள்ளது. அதை எடுத்துவிட்டுக் கூரைக்குள் டேங்க் ஹீட்டர் வைத்து, சுவருக்குள் பதிக்கிற தெர்மோஸ்டாட் வால்வும் (தண்ணீர்ச் சூட்டை ஒரே அளவில் வைக்குமாம்) பெரிய ரெயின் ஷவரும் போடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். வால்வு மட்டும் 1,200 வெள்ளி (ரிங்கிட்). அம்மாவுக்கு வயது 74, மூட்டு வலி, வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டார். கீழே யாராவது ஃபிளஷ் பண்ணினால் மேலே திடீரென்று சுடுகிறது என்று சத்தம் போடுவார். அதற்காகவாவது இந்த வால்வை வாங்கலாமா?

கெப்போங் பிளம்பர்:
வால்வைப் பிறகு பார்க்கலாம் தங்கச்சி. தொட்டி கூரைக்குள்தானே? தண்ணீர் மட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் எவ்வளவு உயரம் என்று முதலில் அளந்து பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம், அவ்வளவுதான் கணக்கு. இந்த மாதிரி வீடுகளில் மேல் குளியலறைக்கு ஒன்றரை மீட்டர் கிடைத்தாலே பெரிது. அதாவது 0.15 பார். கடையில் அந்த வால்வுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும். தெர்மோஸ்டாட் வால்வு பலவற்றுக்கு 0.5 பார் வேண்டும், சிலவற்றுக்கு 1 பார். உங்கள் அழுத்தத்துக்கு ஷவரில் தண்ணீர் சொட்டும், பாயாது. ஷோரூமில் திறந்து காட்டுகிறார்களே, அதெல்லாம் பம்ப் தண்ணீர்.

ஃபிளஷ் பண்ணும்போது சுடுவது வேறு கதை. ஒரே குழாயிலிருந்து டாய்லட்டுக்கும் ஷவருக்கும் பிரித்திருப்பார்கள். ஃபிளஷ் தொட்டி நிரம்புகிற வரை ஷவர் பக்கம் தண்ணீர் குறையும். ஹீட்டரின் கரண்ட் அதேதான், தண்ணீர் மட்டும் பாதி. சுடாமல் என்ன செய்யும்? எந்த வால்வு போட்டாலும், கூரைத் தொட்டியிலிருந்து ஷவருக்கென்று தனிக் குழாய் இழுக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் உடைக்கிற நேரம், செலவு பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று. செலவு பார்த்து அந்தச் சின்ன ஹீட்டரையே வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் மிக்ஸர் (வெந்நீரும் குளிர் தண்ணீரும் கலக்கிற வால்வு) போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வகை ஹீட்டரில் தண்ணீர் வெளியேறும் பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அங்கே வால்வை வைத்து மூடினால் ஹீட்டர் உடம்பு அழுத்தம் தாங்காது.

பிரிக்பீல்ட்ஸ் 17வது மாடி:
அண்ணன் சொல்வது தரை வீட்டுக்குச் சரி. எங்கள் காண்டோவில் பம்ப் அழுத்தம் நன்றாக இருக்கிறது, டேங்க் ஹீட்டரோடு தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறோம். 38 டிகிரியில் ஒரு பொத்தான் தடுக்கும், அதை அழுத்தினால்தான் அதற்கு மேல் திரும்பும். பிள்ளைகளைத் தனியாகக் குளிக்க விடலாம். ஆனால் தண்ணீர் தடை முடிந்து திரும்ப வரும்போது செம்மண் கலரில் வருமே, அந்த மண் உள்ளே போய் வால்வு இறுகிவிட்டது. விற்ற கடையில் கார்ட்ரிட்ஜ் (வால்வுக்குள் இருக்கிற மாற்றக்கூடிய உறுப்பு) ஸ்டாக் இல்லை என்று கை விரித்தார்கள். வாங்குகிற அன்றே உதிரி கார்ட்ரிட்ஜ் கிடைக்குமா என்று கேளுங்கள் அக்கா, முடிந்தால் ஒன்று சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

செத்தாப்பாக் மகள்:
அளந்தாச்சு அண்ணே. தம்பி கூரைக்குள் ஏறிப் பார்த்தான், 1.3 மீட்டர்தான். அப்போ தெர்மோஸ்டாட்டை மறந்துவிட வேண்டியதுதானா? சாதாரண மிக்ஸர் போட்டு அம்மா சுட்டுக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

கெப்போங் பிளம்பர்:
மறக்க வேண்டாம். அம்மாவுக்கு என்றால் நானும் தெர்மோஸ்டாட்தான் சொல்வேன். உள்ளே ஒரு மெழுகுக் குப்பி இருக்கும். தண்ணீர் சூடானால் மெழுகு விரிந்து வெந்நீர் வழியை நெருக்கும், ஆறினால் சுருங்கித் திறக்கும். குளிர் தண்ணீர் சுத்தமாக நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். டேங்க் ஹீட்டரில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கும். இருக்கவும் வேண்டும், வெதுவெதுப்பாக விட்டால் கிருமி வளரும். அந்தச் சூடு நேராக உடம்பில் பட்டால் சில நொடியில் தோல் வெந்துவிடும். வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பிரஷர் பேலன்ஸ் வால்வு என்று மலிவாக ஒன்று காட்டுவார்கள். அது அழுத்தம் மாறினால் சமாளிக்கும், ஹீட்டர் கூடுதலாகச் சுட்டால் அதற்குத் தெரியாது.

ஆகவே பம்ப் வையுங்கள். கூரைத் தொட்டிக்குப் பக்கத்தில் அழுத்தம் கூட்டுகிற ஒரு பூஸ்டர் பம்ப், அதிலிருந்தே குளிருக்கு ஒரு லைன், ஹீட்டருக்கு ஒரு லைன். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் வர வேண்டும், அதுதான் முக்கியம். குளிர் மட்டும் தெருவிலிருந்து வருகிற மெயின் லைனிலிருந்து எடுத்தால் அது வெந்நீர்க் குழாய்க்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகும். மெயின் லைனில் நேராகப் பம்ப் மாட்டுவதும் கூடாது, சட்ட விரோதம். பம்ப் அழுத்தம் ஹீட்டர் தாங்குகிற அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், ஹீட்டரின் சேஃப்டி வால்வை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீருக்கு பி.பி.ஆர். குழாய், சூடு தாங்குகிற பிளாஸ்டிக். வெள்ளை பி.வி.சி. சூட்டில் இளகிவிடும்.

பதிக்கிற வால்வு வேண்டாம் என்பது என் கட்சி. சுவருக்கு வெளியே மாட்டுகிற, நீளக் கம்பி மாதிரி இருக்கும் ‘பார்’ வகை வால்வு வாங்குங்கள். சுவரில் இரண்டு அரை அங்குல முனை, நடுவுக்கு நடு 150 மில்லிமீட்டர். நாளைக்குக் கெட்டால் இரண்டு நட்டைக் கழற்றி வேறு கம்பெனி வால்வை மாட்டலாம், டைல்ஸ் உடைக்க வேண்டாம். வெந்நீர் இடது பக்கம். மாற்றிக் கொடுத்தால் தெர்மோஸ்டாட் வேலை செய்யாது, இதை வேலைக்காரரிடம் சுவரில் எழுதியே காட்டுங்கள். இரண்டு முனையிலும் சல்லடை வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பிரிக்பீல்ட்ஸ்காரர் சொன்ன மண்ணுக்கு அதுதான் மருந்து.

செத்தாப்பாக் மகள்:
பம்ப் சத்தம் போடுமா அண்ணே? அம்மா அறை நேர் கீழே.

கெப்போங் பிளம்பர்:
போடும். சீலிங் பலகை மேல் வைக்காதீர்கள், சுவர் மேல் உத்திரத்தில் தடித்த ரப்பர் போட்டு வையுங்கள், பம்பிலிருந்து போகிற முதல் ஒரு முழம் வளைகிற ஹோஸாக இருக்கட்டும். சத்தம் பெரும்பாலும் குழாய் வழியாகத்தான் இறங்கும்.