மறு: 'கல்ட்' படம், 'கல்ட்' ஆல்பம்: 'உழுவல்' பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். சிலர் நெடுங்காலம் விடாமல் கொண்டாடும் படத்தையோ இசைத்தொகுப்பையோ ஆங்கிலத்தில் 'கல்ட்' (cult) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> 'வழிபாட்டுப் படம்' என்றே வைத்துக்கொள்ளலாம். அகராதியில் 'கல்ட்' என்பதற்கு வழிபாட்டு மரபு என்றுதான் பொருள் இருக்கிறது.

அகராதிப் பொருள் சரிதான், ஐயா. ஆனால் தமிழில் 'வழிபாட்டுப் படம்' என்றதும் பக்திப் படம்தான் கண்முன் நிற்கும். பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் எடுத்து 1992-இல் வெளியான 'பிரெயின்டெட்' என்ற ஜாம்பி (எழுந்து நடமாடும் பிணம்) நகைச்சுவைப் படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு விருந்துக் காட்சி. நோய் முற்றிய தாயின் காது கழன்று அவளுடைய கஸ்டர்டு கிண்ணத்திலேயே விழுகிறது. அவள் அதையும் சேர்த்து அள்ளி மென்று விழுங்குகிறாள். மகன் செய்வதறியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தப் படத்தின் அன்பர்கள் அந்தக் காட்சிக்காகவே மீண்டும் மீண்டும் உட்காருகிறார்கள். இதன் தலையில் 'வழிபாட்டுப் படம்' என்று எழுதினால் படிப்பவர் முதல் அடியிலேயே தடம் மாறிவிடுவார்.

> சிறு கூட்டம்தானே பார்க்கிறது? 'குறுங்குழுப் படம்' போதாதா?

போதாது. அரசியல் எழுத்தில் 'குறுங்குழுவாதம்' நெடுங்காலமாக வசைச்சொல். அந்தக் கறை படத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும். 'பித்துப் படம்' என்று இன்னொரு நண்பர் சொன்னது உணர்வுக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் பித்து பார்ப்பவருக்கா, படத்துக்கா என்பது தெளிவில்லை.

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். வேல்ஸின் கார்டிஃபில் தோன்றிய 'பட்ஜி' மூவர் கொண்ட ஒரு ராக் இசைக்குழு. 1973-இல் வந்த அவர்களது மூன்றாவது ஆல்பம் 'பிரெட்ஃபேன்' என்ற பாடலுடன் தொடங்குகிறது. கித்தார் வெறிகொண்டு ஓடும். நடுவில் எல்லாம் அடங்கி, மெல்லிய ஒரு பகுதி தனியாக நிற்கும். பிறகு அதே ஓட்டம் மறுபடி பாய்ந்து வரும். அந்தத் திருப்பத்துக்காகவே ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கேட்கத் தோன்றும். உலகப் புகழ் இந்தக் குழுவுக்கு வாய்க்கவில்லை. ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. அவர்களில் புகழ்பெற்ற மெட்டாலிகா இசைக்குழுவினரும் உண்டு. 1988-இல் அந்தப் பாடலைத் தாங்களே இசைத்து வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் ஒரு பாடலைச் சிலர் நெஞ்சில் சுமந்ததால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறாக, டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பம். 1972-இல் வந்தது. கித்தாரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் வாசித்துப் பார்ப்பதே பெரும்பாலும் அதிலுள்ள 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலின் தொடக்கத்தைத்தான். அதற்குச் 'செவ்வியல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நாம் தேடும் சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

நான் முன்வைப்பது 'உழுவல்'. பிறவிதோறும் விடாமல் தொடர்ந்து வரும் அன்பை 'உழுவலன்பு' என்று அகப்பொருள் (காதல் பாடல் மரபு) உரைகள் சொல்கின்றன. வழிபாட்டின் சாயல் இல்லை, வசை இல்லை, எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லை. விடாத அன்பு மட்டும் இருக்கிறது. உழுவல் படம், உழுவல் ஆல்பம், உழுவல் இயக்குநர் என எந்தப் பெயருக்கும் முன்னால் இயல்பாக உட்காரும்.

> வெளியானபோது தோற்றிருக்க வேண்டும் என்பதும் வரையறையில் வர வேண்டாமா?

வேண்டாம் என்பேன். 'ஷான் ஆஃப் தி டெட்' என்ற ஜாம்பி நகைச்சுவைப் படம் 2004-இல் வெளியானபோதே நன்றாக ஓடியது. ஆனாலும் அது உழுவல் படம்தான். தோட்டத்தில் இரண்டு ஜாம்பிகள் நெருங்கி வருகின்றன. நண்பர்கள் இருவரும் இசைத்தட்டுகளை வீசித் தாக்க முடிவு செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தட்டையும் எடுத்துப் பெயர் பார்த்து, இதை எறியலாமா கூடாதா என்று வாதிடுகிறார்கள். பாடகர் பிரின்ஸின் ஆல்பங்களில் 'பர்ப்பிள் ரெயின்' தப்பிக்கிறது, 'பேட்மேன்' பறக்கிறது. உயிர் போகும் நேரத்திலும் கைவிட முடியாத தட்டு என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் உழுவல் என்கிறேன். வசூல் நிலவரம் இதில் எங்கே வருகிறது?

'ஜாம்பி'க்கு 'வேதாளம்' என்று வந்த பரிந்துரை பற்றியும் ஒரு வரி. வேதாளம் பிணத்துக்குள் புகுந்திருந்தாலும் கூர்மையான அறிவுடையது. கதை சொல்லும், புதிர் போடும், விடை தெரிந்தும் சொல்லாதவனை மிரட்டும். ஜாம்பிக்குப் பசி மட்டுமே உண்டு. 1985-இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் அவை பேசுவது உண்மை, ஆனால் அது விதிவிலக்கு. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் 'நடைப்பிணம்' போதும்.

கலைச்சொல் பட்டியலுக்கான என் வரைவு:

உழுவல் (பெயரடை): பரவலான புகழையோ விற்பனையையோ சாராமல், ஈடுபாடு மிக்க சிலரால் நெடுங்காலம் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும், கேட்கப்படும், பிறருக்குக் கைமாற்றப்படும் படைப்பைக் குறிப்பது.

புணர்ச்சி விதிப்படி 'உழுவற்படம்' என்று சேர்த்து எழுத வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். புதிய சொல் என்பதால் சில காலத்துக்காவது பிரித்தே எழுதலாம், முதற்சொல் அப்போதுதான் கண்ணில் பதியும். ரசிகர்களை 'உழுவலர்' என்பதில் எனக்குத் தயக்கமில்லை. இலக்கணம் அறிந்தவர்கள் அந்த ஆக்கம் சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.