காப்பி பெர்ரி போரர் குடலில் காஃபின் தின்னும் பாக்டீரியா: காலேஜ் லேபில் பிரித்தெடுப்பது எப்படி?

கேட்டவர்: கூடலூர்_மைக்ரோ

வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம். புராஜெக்டுக்கு காப்பி பெர்ரி போரரை (காப்பிப் பழத்தைத் துளைக்கிற சின்ன வண்டு) எடுத்திருக்கேன். இந்தியாவில் இந்தப் பூச்சி முதன்முதலா 1990-ல் பதிவானதே நீலகிரி கூடலூர்லதான், அதனால பூச்சிக்குப் பஞ்சமில்லை.

அடிப்படை, ஹாவியர் செஹா-நவாரோ குழு 2015-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வெளியிட்ட ஆய்வு. காஃபினை உடைக்கிறது போரரோட குடல் பாக்டீரியா, முக்கியமா சூடோமோனாஸ் ஃபல்வா. ஆன்டிபயாடிக் கொடுத்த பூச்சியில் காஃபின் உடையாம வெளியே வருது, ஃபல்வாவைத் திரும்பக் கொடுத்தா மறுபடி உடையுது.

லேபில் ஆட்டோகிளேவ், லாமினார், ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், யூவி ஸ்பெக்ட்ரோ இருக்கு. எச்பிஎல்சி (கலவையில் எது எவ்வளவுன்னு பிரிச்சு அளக்கிற கருவி) கிடையாது. இதை வெச்சு அந்த பாக்டீரியாவைப் பிரிச்சுக் காட்ட முடியுமா? இன்னொண்ணு, ஊர்ல தோட்டக்காரங்க எல்லாரும் கேட்கிற கேள்வி: அப்போ ஆன்டிபயாடிக் அடிச்சா போரர் ஒழிஞ்சிடுமா?

பதில்: அகார்_தட்டு

முடியும். ஆனா பாதிப் பேர் சறுக்கறது மீடியத்தில்தான். நியூட்ரியன்ட் அகாரில் காஃபின் கலந்து, அதில் வளர்ந்ததை எல்லாம் காஃபின் தின்னின்னு எழுதிடறாங்க. அது காஃபினைத் தாங்கும் பாக்டீரியா, அவ்வளவுதான். கார்பனும் நைட்ரஜனும் காஃபினிலிருந்து மட்டுமே கிடைக்கணும்.

அதுக்கு எம்9 உப்பை (பாக்டீரியா வளர்க்கிற எளிய உப்புக் கலவை) மாத்திப் போடுங்க. ஒரு லிட்டருக்கு டைசோடியம் பாஸ்பேட் 6 கிராம், மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 3 கிராம், சோடியம் குளோரைடு 0.5 கிராம். வழக்கமான அமோனியம் குளோரைடும் குளுக்கோஸும் வேண்டாம். ஆட்டோகிளேவ் பண்ணி ஆறினப்புறம் 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 2 மில்லி, 1 மோலார் கால்சியம் குளோரைடு 0.1 மில்லி சேருங்க. இதுங்களையும் சேர்த்தே வேகவெச்சா பாஸ்பேட்டோட கூடி வெள்ளையாப் படிஞ்சிடும். டிரேஸ் எலிமெண்ட் கரைசல் 1 மில்லி, அதில் இரும்பு கட்டாயம் இருக்கணும்: காஃபினை முதலில் வெட்டுற என்டிஎம்ஏ நொதி இரும்பு–கந்தக வகை. காஃபின் லிட்டருக்கு 2 கிராம். தனியா 10 கிராம்/லிட்டர் ஸ்டாக் கலக்கி 0.22 மைக்ரான் ஃபில்டரில் விட்டு, லிட்டருக்கு 200 மில்லி ஊத்துங்க. அந்த 200 மில்லிக்கு இடம் விட்டு உப்பை 800 மில்லியில் கரைங்க.

சாதா அகாரில் இருக்கிற அழுக்கே சில பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. காஃபின் போடாத தட்டு ஒண்ணு பக்கத்தில் இல்லேன்னா எந்தக் காலனியையும் நம்பாதீங்க. அகாரைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில் நாலஞ்சு தடவை அலசிட்டுப் போட்டா இந்தப் பொய் வளர்ச்சி குறையும்.

பழம் எடுக்கும்போது தொப்புள் பக்கம் குண்டூசித் துளையும் தூளும் இருக்கறதாப் பாருங்க. பாலிதீன் பை வேண்டாம், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். காகிதப் பை போதும். ஆல்கஹாலில் போட்ட பூச்சி கல்ச்சருக்கு உதவாது, உயிரோடதான் வரணும். பெண் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆண் இன்னும் சின்னது, பறக்காது, அதை ஒதுக்கிடுங்க.

ஃபிரிட்ஜில் 10 நிமிஷம் வெச்சா அசையாது. 70% எத்தனாலில் ஒரு நிமிஷம், 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிஷம், பிறகு ஸ்டெரைல் தண்ணியில் மூணு கழுவல். மூணாவது கழுவின தண்ணியை அப்படியே ஒரு தட்டில் பரப்புங்க. அதில் எதுவும் முளைக்கக் கூடாது. காப்பித் தோட்டத்து மண்ணில் காஃபின் தின்னிகள் ஏராளம், வெளித்தோலில் ஒட்டினதைக் குடல்னு எழுதிடுவீங்க.

பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) துளியில் வெச்சு, ஒரு ஃபோர்செப்ஸால் மார்பைப் பிடிச்சு, இன்னொண்ணால் வயித்தோட கடைசி வளையத்தை மெல்ல இழுத்தா குடல் நூலாட்டம் வரும். வெடுக்குனு இழுத்தா நடுவில் அறுந்து பாதி உள்ளேயே நின்னுடும். 20 குடலை 200 மைக்ரோலிட்டரில் அரைச்சு, பத்துப் பத்தா நீர்த்துப் பரப்பி, 28 டிகிரியில் 3 முதல் 5 நாள். வர்ற காலனியை அதே மீடியத்தில் ரெண்டு தடவை கோடிழுத்துத் தனியாக்கிட்டு 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காட்டுற ஜீன்) வரிசை பார்க்க அனுப்புங்க. சூடோமோனாஸ் இனங்களை 16எஸ் மட்டும் வெச்சுப் பிரிக்கறது கஷ்டம். ஜீனஸ் வரைக்கும் சொல்லலாம், ஃபல்வான்னு அடிச்சுச் சொல்லணும்னா ஆர்பிஓடி மாதிரி இன்னொரு ஜீனும் பாருங்க.

பதில்: பாடந்தொரை_ரொபஸ்டா

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். ஆகாது தம்பி.

போரர் இருக்கறது பருப்புக்குள்ள. முட்டை, புழு, கூட்டுப்புழு, அக்கா தங்கச்சியோட இனச்சேர்க்கை, எல்லாமே ஒரே பழத்துக்குள்ள முடியுது. மேல அடிக்கிற மருந்து அங்க போகாது. போனாலும் தாயோட எச்சத்தையும் தூளையும் கொறிக்கிற குட்டிக்கு பாக்டீரியா திரும்பக் கிடைக்கலாம். நீ அடிச்சது இலையிலயும் மண்ணுலயும் தங்கி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைத்தான் வளர்க்கும். ஸ்ட்ரெப்டோமைசின்–டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் கலவையை விவசாயத்துல நிறுத்த 2021-லயே மத்திய அரசு நடவடிக்கை எடுத்துச்சு.

வேலை செய்யறது பழைய சமாச்சாரம்தான். பறிப்பு முடிஞ்சதும் செடியில நிக்கிற ஒத்தைப் பழம், கீழே உதிர்ந்தது ரெண்டையும் பொறுக்கி எடுக்கணும். பூ மழை (காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற மழை) விழுந்ததும் அந்தக் காஞ்ச பழத்துல இருந்துதான் பெண் போரர் கிளம்பி வரும். துளை விழுந்த பழத்தைக் கொதிக்கிற தண்ணியில 2 நிமிஷம் முக்கி எடுத்துக் களத்துல கொட்டணும். பார்ச்மெண்ட் (பழத்தோல் நீக்கிக் காயவெச்ச கொட்டை) 10%, ரொபஸ்டா செர்ரி (முழுப் பழமாவே காயவெச்சது) 11% ஈரத்துக்கு வந்த பிறகுதான் சாக்கு. ஈரமா கட்டினா குடோன்லயே பெருகும். எத்தனால்–மெத்தனால் பொறி வைக்கலாம், ஆனா பறக்கிற பெண்ணை மட்டும்தான் அது பிடிக்கும். பொறுக்காம பொறியை மட்டும் தொங்கவிடறது காசுக்குக் கேடு.

கூடலூர்_மைக்ரோ

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அகார்_தட்டு சார், எச்பிஎல்சி இல்லாம 273 நானோமீட்டரில் யூவி ரீடிங் எடுத்தே காஃபின் குறைஞ்சதைக் காட்டலாமா?

பதில்: அகார்_தட்டு

அது மட்டும் போதாது. காஃபினிலிருந்து ஒரு மீத்தைல் கழண்டா தியோப்ரோமின், அடுத்தது கழண்டா 7-மீத்தைல்சாந்தின், கடைசியில் சாந்தின். எல்லாமே 270-ஐ ஒட்டியே ஒளியை உறிஞ்சும். காஃபின் முழுசா தியோப்ரோமினா மாறியிருந்தாலும் ரீடிங் கிட்டத்தட்ட அசையாது, நீங்க ஒண்ணும் நடக்கலைன்னு எழுதிடுவீங்க.

டிஎல்சி (தட்டில் பொருள்களைப் பிரிச்சுக் காட்டுற முறை) பண்ணுங்க, செலவு கம்மி. சிலிக்கா ஜெல் எஃப்254 தட்டு, குளோரோஃபார்ம்–மெத்தனால் 9:1. 254 விளக்கில் காஃபின் மேலே, தியோப்ரோமின் கீழே கறுப்புப் புள்ளியாத் தெரியும். ரெண்டுக்கும் சுத்தமான ஸ்டாண்டர்டு பக்கத்திலேயே ஓடணும். பாக்டீரியா போடாத பிராத் (அகார் இல்லாத அதே திரவ மீடியம்), சூட்டில் கொன்ன பாக்டீரியா போட்ட பிராத், இந்த ரெண்டு கண்ட்ரோலும் வேணும். செல்லில் ஒட்டிக் குறைஞ்சதா, உடைஞ்சு குறைஞ்சதான்னு அப்பத்தான் பிரியும்.

யூவியும் எடுக்கறதா இருந்தா பிராத்தை செண்ட்ரிஃப்யூஜ் பண்ணி 200 மடங்கு நீர்த்துக்கோங்க, சுமார் 0.5 காட்டும். குவார்ட்ஸ் குவெட் மட்டும்தான். கண்ணாடியும் சாதா பிளாஸ்டிக்கும் இந்த ஒளியை விடாது.

இன்னொண்ணு: தேடும்போது சூடோமோனாஸ் புட்டிடா சிபிபி5-ன்னு ஒரு ஸ்ட்ரெயின் வரும். காப்பி பெர்ரி போரருக்கும் ஆங்கிலச் சுருக்கம் சிபிபிதான், அதை வெச்சு போரரோட முடிச்சுப் போட்டுடாதீங்க, அது மண்ணில் கிடைச்சது.

பதில்: தாண்டிக்குடி_நிழல்

ஆன்டிபயாடிக் ஊட்டி முட்டை எண்ணிக்கையும் பார்க்கற எண்ணம் இருந்தா இதைக் கவனியுங்க. போரரில் வோல்பாக்கியா (பூச்சி செல்லுக்குள் வாழும், அதன் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பாக்டீரியா) இருப்பது 2002-லேயே பதிவாயிருக்கு. டெட்ராசைக்ளின் அதையும் சேர்த்தே அழிக்கும். அப்போ முட்டை குறைஞ்சது காஃபின் விஷத்தாலா, வோல்பாக்கியா போனதாலா, மருந்தோட நேரடித் தாக்கத்தாலான்னு பிரிக்க முடியாது. அதனால் காஃபின் கலந்த செயற்கை உணவு, கலக்காத உணவு ரெண்டிலும் ஆன்டிபயாடிக் கொடுத்த குழுவும் கொடுக்காத குழுவும் வெச்சு, நாலையும் ஒப்பிடுங்க. காஃபின் இல்லாத உணவிலும் முட்டை அதே அளவு குறைஞ்சா காஃபினைக் குறை சொல்ல வழியில்லை.

ஒரு ஆணுக்குச் சுமார் பத்துப் பெண் இருக்கறதையும் வோல்பாக்கியா தலையில் கட்டாதீங்க. ஆண் போரரில் தகப்பன் வழிக் குரோமோசோம் சுருங்கி வேலை செய்யாம கிடக்கும், கூடவே உடன்பிறப்புச் சேர்க்கை. அந்த விகிதத்துக்கு இந்த ரெண்டுமே போதுமான காரணம்.