பலாப்பிஞ்சு கறுத்து உதிர்கிறது, மருந்து அடிக்கலாமா?

லாஸ்பேட்டைவாசி:
புதுச்சேரியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொட்டை போட்டு வந்த பலா. இந்தத் தையில்தான் முதல் காய்ப்பு. விரல் நீளப் பிஞ்சுகள் மஞ்சளாகப் பொடி பூத்து, அப்புறம் கறுத்து, பூஞ்சணம் படர்ந்து விழுகின்றன. மருந்துக்கடையில் ஒரு பாட்டிலைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார்கள்.

பண்ருட்டிக்காரன்:
பாட்டிலைத் திறக்காதீர்கள். அவை பிஞ்சே இல்லை, ஆண் பூ. பலாவில் ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில்தான், ஆனால் தனித்தனிக் கதிராக வரும். ஒவ்வொரு கதிரிலும் பொடிப்பொடிப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மகரந்தம் கொட்டியதும் ஆண் கதிருக்கு வேலை முடிந்தது, கறுத்து விழும். மாசியில் பணிக்கன்குப்பம் பக்கம் வந்து பாருங்கள், தோப்பில் காலடியெல்லாம் அதுதான். யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

காம்பைப் பாருங்கள். ஆணுக்கு மெலிசு. பெண்ணுக்குத் தடிமன், அடிமரத்திலோ பெருங்கிளையிலோ வரும், கதிர் தொடங்கும் இடத்தில் பச்சை வளையம் எடுப்பாக நிற்கும்.

லாஸ்பேட்டைவாசி:
எல்லாம் மெலிசுதான் அண்ணே! அப்படியென்றால் ஒரு பழத்தில் எத்தனை பூ?

பண்ருட்டிக்காரன்:
எத்தனை முள்ளோ அத்தனை பூ. மகரந்தம் சேர்ந்த பூவின் இதழ்தான் பருத்துச் சுளையாகிறது. சேராத பூக்கள்தான் சுளைகளுக்கு நடுவே நாம் பிய்த்து எறியும் நார். நடுத்தண்டு கதிரின் தண்டேதான். காம்பருகே உள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைக்கணக்கு வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மகரந்தம் சேராத பக்கம் பழம் சப்பையாகிவிடும், முள் மட்டும் இருக்கும். அதை எண்ணி என்ன செய்ய?

கடலூர் வாத்தியார்:
பாடத்தில் இதைக் கூட்டுக்கனி என்போம், ஒரு மஞ்சரி, அதாவது பூக்கதிர், முழுக்கச் சேர்ந்து ஒரே பழம். சீத்தாவும் மேலே புடைபுடையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஒரே பூவின் பல சூலகங்கள் (பூவில் காயாக மாறும் பாகங்கள்) சேர்ந்தது, திரள்கனி. அத்தியும் பலாவின் குடும்பம்தான். அதில் பூக்களெல்லாம் உள்ளே போய்விட்டன, அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

பண்ருட்டிக்காரன்:
ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த வருஷம் தடித்த காம்பில் வந்தது கறுத்தால் அது அழுகல் நோய். அதைப் பறித்துத் தள்ளிக் கொண்டுபோய்ப் புதையுங்கள், உள்ளே காற்றோட்டம் வர அடர்ந்த சிறு கிளைகளைக் கழித்துவிடுங்கள்.